2125இல் ஒரு ஃபிலிம் ஆலை: நீலகிரிப் பயணக் குறிப்புகள்

வரைவதற்காகவே நீலகிரிக்குப் போய் வந்தேன். ஊட்டியை அடுத்த இந்து நகரில் மூடிக் கிடக்கிறது ஃபிலிம் ஆலை. இன்னும் நூறு வருஷத்தில் மலை அதை எப்படி எடுத்துக்கொண்டிருக்கும் என்று பெரிய தாளில் வரைய வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. வீட்டில் உட்கார்ந்தே போட்டுவிடலாம்தான். ஜன்னலில் கொடி, கூரையில் மரம், நடுவில் ஒரு மான். அப்படிப்பட்ட படங்கள் ஏராளமாக வந்துவிட்டன. அவற்றில் எந்த ஊர் ஆலை, எந்த மரம் என்று ஒன்றும் தெரியாது. எனக்கு இந்த மலையின் மரம் வேண்டும், இந்த மலையின் பாசி வேண்டும். பொங்கல் விடுமுறை கிடைத்ததும் கிளம்பிவிட்டேன். உடம்பு அலுத்துப் போய்த்தான் திரும்பினேன். நினைத்துப் போன படமும் வேறொன்றாக மாறிவிட்டது. தினமும் இரவில் எழுதி வைத்ததைக் கொஞ்சம் சரிசெய்து தருகிறேன்.

ஜனவரி 15, புதன். ஊட்டி

மாட்டுப் பொங்கல் அன்று ஊர் முழுக்க மலையேறுகிறது. மேட்டுப்பாளையம் தாண்டியதும் வண்டிகள் நகரவே இல்லை. பஸ்ஸில் நின்றபடி வந்த ஒருவர், என் மடியில் இருந்த பெரிய அட்டைப் பையைப் பார்த்து, "கண்ணாடியா சார்? பத்திரம்" என்று தன் கையை அதற்கு அணையாக வைத்துக்கொண்டார். குன்னூர் வரை அந்தக் கையை எடுக்கவே இல்லை. உள்ளே இருந்தது வெறும் தாள்தான் என்று சொன்ன பிறகும் எடுக்கவில்லை.

குன்னூருக்கும் ஊட்டிக்கும் நடுவே அருவங்காடு. வெடிமருந்து ஆலை அங்கே நூறு வருஷத்துக்கு மேலாக ஓடிக்கொண்டிருக்கிறது. மரங்களுக்கு நடுவே தெரிந்த கூரைகள் பழையவைதான், ஆனால் ஆட்கள் புழங்கும் கட்டடத்தின் பழமை வேறு மாதிரி இருக்கிறது. யாரோ அவ்வப்போது சாக்கடை தள்ளுகிறார்கள், யாரோ சுண்ணாம்பு அடிக்கிறார்கள். ஒரு கட்டடம் நிற்பதும் விழுவதும் இந்த இரண்டு வேலையில்தான் இருக்கிறது என்று குறித்துக்கொண்டேன்.

ஊட்டியில் சாதாரண நாளில் 800 ரூபாய்க்குக் கிடைக்கும் அறைக்கு 2,500 கேட்டார்கள். கடைசியில் காந்தல் பக்கம் ஒரு வீட்டின் மாடி அறை 900 ரூபாய்க்குக் கிடைத்தது. வீட்டுக்கார அம்மா வாடகை பேசுவதற்கு முன்பே, "பொங்கலும் அதுவுமா வந்திருக்கீங்க, சாப்பிட்டீங்களா?" என்று கேட்டார். சர்க்கரைப் பொங்கலும் அவரை உதக்கவும் வந்தன. உதக்க என்பது படகர் வீடுகளில் அவரைக்கொட்டையை உருளைக்கிழங்கோடு காரமாக வைக்கும் குழம்பு. குளிருக்கு அதைவிடப் பொருத்தமான சாப்பாடு இந்த மலையில் நான் சாப்பிட்டதில்லை. இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.

மாலையில் கடைத்தெருவில் கால் கிலோ வர்க்கி வாங்கினேன், 60 ரூபாய். 2023இல் ஊட்டி வர்க்கிக்குப் புவிசார் குறியீடு கிடைத்ததைக் கடைக்காரர் அட்டையில் எழுதி மாட்டியிருந்தார். டீயில் நனைத்தால் அடுக்கடுக்காகப் பிரிகிறது. ஏழு மணிக்கெல்லாம் விரல்கள் மரத்துவிட்டன. படுத்துவிட்டேன்.

ஜனவரி 16, வியாழன். இந்து நகர்

கூடலூர் ரோட்டில் சில கிலோமீட்டர் போனால் இந்து நகர். ஆலை 1960இல் மத்திய அரசு நிறுவனமாகத் தொடங்கப்பட்டது. பிரான்ஸ் நாட்டு பாஷே நிறுவனத்தின் தொழில்நுட்பத்தை வாங்கி, 1967இல் உற்பத்தி ஆரம்பித்தார்கள். கருப்பு வெள்ளை ஃபிலிம், எக்ஸ்ரே ஃபிலிம், போட்டோ பேப்பர் எல்லாம் 'இந்து' என்ற பெயரில் இங்கிருந்துதான் போயின. இவ்வளவு உயரத்தில் ஆலை வைத்ததற்குக் காரணம் உண்டு. ஃபிலிமின் மேல் பூசும் பசை ஜெலட்டினால் ஆனது. வெள்ளி நைட்ரேட்டும் பொட்டாசியம் புரோமைடும் சேர்ந்து ஒளிபட்டால் மாறும் நுண்படிகமாகி அந்த ஜெலட்டினில் மிதக்கும். அது ஒழுங்காக உறையக் குளிர் வேண்டும், தூசியில்லாத காற்று வேண்டும், சுத்தமான தண்ணீர் வேண்டும். மூன்றையும் இந்த மலை கொடுத்தது.

1996இல் நலிவுற்ற நிறுவனம் என்று அறிவித்தார்கள். டிஜிட்டல் கேமரா வந்து ஃபிலிமை அழித்தது என்று எல்லோரும் சொல்வார்கள். 1996இல் நம் ஊரில் யாரிடம் டிஜிட்டல் கேமரா இருந்தது? கருப்பு வெள்ளையிலிருந்து வண்ணத்துக்கு ஊரே மாறியதும், எக்ஸ்ரே ஃபிலிமுக்காக வாங்கிய பெரிய கடனும் அதற்கு முன்பே கழுத்தைப் பிடித்திருந்தன. ஆட்கள் குறைந்துகொண்டே வந்து ஒருநாள் யாரும் இல்லாமல் போனார்கள்.

வாசலில் இருந்த காவலாளி மரியாதையாக மறுத்தார். "உள்ள விட முடியாதுங்க சார். எதிர்ல நின்னு வரைஞ்சுக்கோங்க. காட்டுமாடு வந்தா மட்டும் இந்தப் பக்கம் ஓடி வந்துடுங்க." வெயிலில் காய்ந்துகொண்டிருந்த தன் நாற்காலியையும் எடுத்து வந்து கொடுத்தார். ரோட்டோர மேட்டில் உட்கார்ந்து மதியம் வரை வரைந்தேன்.

தெரிந்தவரையில் சொல்கிறேன். சுவர்களில் வடக்குப் பக்கம் கரும்பாசி, கிழக்குப் பக்கம் வெளிர்மஞ்சள் கற்பாசி. மழைத்தண்ணீர்க் குழாய்களின் வாயில் சைப்ரஸ் சருகு அடைத்து, அதில் புல் முளைத்திருக்கிறது. துருவின் நிறம் சமவெளியில் பார்க்கும் செம்மண் நிறம் இல்லை. மூடுபனியில் நனைந்து நனைந்து கருஞ்சிவப்பாகிக் கீழே கோடு கோடாக இறங்கியிருக்கிறது. பர்ன்ட் சியன்னா என்னும் செம்பழுப்பு வண்ணத்தோடு கொஞ்சம் கருநீலம் சேர்த்தால்தான் அது கிடைத்தது. வேலிக்குள்ளே வாட்டில் எனப்படும் சீகைக் கன்றுகள் இடுப்பளவு உயரத்தில் நெருக்கியடித்து நின்றன. கைப்பிடிச் சுவர் விளிம்பில் ஏதோ ஒரு கன்று, இலையைப் பார்த்தால் சோலை மரம் மாதிரி தெரிந்தது. செம்மீசைக் கொண்டைக்குருவிகள் அந்த விளிம்பில்தான் வந்து உட்கார்ந்தன. பழம் தின்ற பறவை எங்கே உட்காருமோ அங்கேதான் காடு ஆரம்பிக்கும்.

மதியத்துக்கு மேல் ஒரு பெரியவர் வந்து பின்னால் நின்றார். குல்லாய், மப்ளர், பழைய கோட். ஃபிலிமில் பசை பூசும் கோட்டிங் பிரிவில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவராம்.

"இருட்டுலதான் தம்பி வேலை. பேப்பர்னா சிவப்பு லைட் உண்டு. சில ஃபிலிமுக்கு அதுவும் கிடையாது. எதிர்ல வர்றவன் மேல மோதாம இருக்க ஏதாச்சும் பாடிக்கிட்டே நடப்போம். யார் பாட்டு யாருதுன்னு எல்லாருக்கும் தெரியும்."

"பகல்லயுமாங்க ஐயா?"

"பகலு, ராத்திரி என்ன கணக்கு அங்க? வெளிய வந்தா கண்ணு கூசும். இந்தப் பச்சை இருக்கு பாருங்க, ஷிப்ட் முடிஞ்சு வர்றப்ப அது அப்படியே மேல விழும்."

அப்புறம் என் தாளை எட்டிப் பார்த்தார். கூரை விழுந்து உள்ளிருந்து மரம் எழும்பும் முதல் கோடுகள் அதில் இருந்தன. கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை.

"எதுக்கு தம்பி இடிஞ்ச மாதிரி போடுறீங்க?"

நூறு வருஷம் கழித்து என்று விளக்கினேன். தலையாட்டினார். ஆனால் முகம் தெளியவில்லை. அந்தக் கூரைக்குக் கீழே பிள்ளைகளைப் படிக்க வைத்த மனிதர் அவர். பாழடைந்த ஆலையை அழகு என்று பார்ப்பதற்கு அங்கே சம்பளம் வாங்காதவனாக இருக்க வேண்டும் போலிருக்கிறது. அந்த நினைப்பு அன்று முழுக்க என்னை விடவில்லை. போகும்போது அவராகவே, "சரி, போடுறதுன்னா கேன்டீனுக்குப் பின்னால ஒரு காட்டுப் பூவரசு நின்னுச்சு. அத விட்டுடாதீங்க. டிசம்பர் வந்தா செவப்பா பூக்கும்" என்றார்.

எனக்கும் இந்த ஆலைக்கும் நேரடி உறவு கிடையாது என்று சொல்ல முடியாது. உடுமலையில் அப்பா ஸ்டுடியோ வைத்திருந்தார். டார்க் ரூமில் அவர் கழுவித் தொங்கவிட்ட பாஸ்போர்ட் சைஸ் படங்களில் பாதி இந்து பேப்பரில் வந்தவை. தட்டில் தாள் அசைய அசைய முகம் தெளிவதைப் பார்த்துத்தான் நான் வரையவே ஆரம்பித்தேன். அந்தத் தாளுக்குப் பசை பூசிய கைகளில் ஒன்று இன்று என் தோளைத் தொட்டுவிட்டுப் போனது.

ஜனவரி 17, வெள்ளி. தலைகுந்தா, நடுவட்டம்

உறைபனி பார்க்க வேண்டும் என்று விடிவதற்கு முன்பே தலைகுந்தா போய்விட்டேன். ஆட்டோவுக்கு 400 ரூபாய். பூஜ்ஜியத்தைத் தொட்டுவிட்டது என்று டீக்கடையில் பேசிக்கொண்டார்கள். புல்வெளி முழுக்க வெள்ளை. நின்றிருந்த கார்களின் கண்ணாடியை ஓட்டுநர்கள் அட்டையால் சுரண்டிக்கொண்டிருந்தார்கள்.

சாம்பல்நீலத்தில் ஒரு பூச்சு போட்டேன். தாள் காய்வதற்குப் பதிலாக அப்படியே உறைந்தது. ஈரம் பனிப்படிகமாகி, நிறத்தைத் தள்ளிக்கொண்டே போய், பெரணி இலை போல நரம்பு நரம்பாக வரிகள் விழுந்துவிட்டன. என் தூரிகையால் ஒருநாளும் வராத வரிகள். வெயில் வந்து உருகினாலும் தடம் போகவில்லை. ஆலையின் உடைந்த ஜன்னல் கண்ணாடிக்கு அந்தத் தாளையே வெட்டி ஒட்டப் போகிறேன்.

டீக்கடையில் குளிர்காய்ந்துகொண்டிருந்தபோது ஒரு இளைஞரோடு பேச்சு வந்தது. சோலை மரக் கன்றுகள் வளர்க்கும் நாற்றங்கால் ஒன்றில் வேலை. என் தாள்களைப் புரட்டியவர், ஆலையைச் சுற்றி நான் போட்டிருந்த உயரமான மரங்களில் விரலை வைத்தார்.

"இது கற்பூர மரம்தானேங்க? இது சீகை. இது ரெண்டும் நம்ம மலையோடது இல்லீங்களே."

அவர் சொன்னதையும் எனக்குத் தெரிந்ததையும் சேர்த்து எழுதுகிறேன், ஏனென்றால் படம் இங்கேதான் திரும்பியது. நீலகிரியின் மேல்மட்டம் முழுக்கக் காடாக இருந்ததே இல்லை. மடிப்புகளில் தண்ணீர் இறங்கும் இடத்தில் குள்ளமான அடர்ந்த சோலை, மற்ற சரிவெல்லாம் புல்வெளி. சோலை ஏன் புல்வெளிக்குள் பரவுவதில்லை என்பதற்குச் சொல்லும் காரணங்களில் முக்கியமானது இந்த உறைபனி. திறந்த வெளியில் முளைக்கும் சோலைக் கன்று இப்படியொரு காலையில் கருகிவிடும். காட்டுப் பூவரசு மட்டும் பனியையும் தீயையும் தாங்கிக்கொண்டு புல்வெளியில் தனியாக நிற்கும். பெரியவர் அந்த மரத்தைக் குறிப்பிட்டது சும்மா இல்லை.

கற்பூர மரம் என்னும் யூகலிப்டஸும் சீகையும் 19ஆம் நூற்றாண்டில் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்தவை. முதலில் விறகுக்கு, அப்புறம் தோல் பதனிட, பிறகு செயற்கைப் பட்டு நூலுக்குக் கூழ் எடுக்க. புல்வெளிகளைத் தரிசு என்று எழுதி வைத்து நட்டார்கள். சிறுமுகையில் பவானிக் கரையில் இருந்த விஸ்கோஸ் ஆலைக்கு இந்த மலையிலிருந்துதான் மரம் லாரி லாரியாக இறங்கியது. ஆறு கெட்டு, அந்த ஆலையும் மூடப்பட்டு வருஷங்கள் ஆகின்றன. மரங்கள் மட்டும் நிற்கின்றன.

இதை யோசித்துப் பாருங்கள். மூடிய ஆலையை மூடிக்கொண்டு எழும்பும் பச்சை என்று நான் வரைந்தது, இன்னொரு மூடிய ஆலையின் கச்சாப்பொருள். அதை இயற்கை திரும்பி வந்தது என்று எப்படி எழுதுவேன்?

"அப்ப நூறு வருஷம் சும்மா விட்டா என்ன ஆகும்?" என்று கேட்டேன்.

"சீகை விதை மண்ணுக்குள்ள பல வருஷம் அப்படியே கிடக்குங்க. தீ பட்டா மொத்தமா முளைச்சு வரும். மரம் வயசாச்சுன்னா அதோட நிழல்ல சோலைக் கன்னு வரும், நாங்களே பாத்திருக்கோம். ஆனா புல்லு வராது. புல்லு வேணும்னா ஆள் எறங்கிப் புடுங்கணும். வருஷா வருஷம் புடுங்கணும்."

சட்டென்று கேட்டேன், "சுவருக்குள்ள? கூரை விழுந்த ஹாலுக்குள்ள?"

அவர் டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டு யோசித்தார். "சுவர் பனிய மறைக்குமே… உள்ள சோலைக் கன்னு தப்பிச்சிரும்ங்க. நல்லாவே வரும்."

எனக்கு உடம்பு சிலிர்த்தது. கோட்டிங் ஹால் ஒரு சோலை! வெளிச்சத்தை உள்ளே விடக் கூடாது என்று கட்டிய சுவர், பனியை உள்ளே விடாமல் நாவலையும் செண்பகத்தையும் வளர்க்கும். அந்த இருட்டுக்குள் மறுபடியும் ஒரு இருட்டு, இந்த முறை இலைகளால். டீக்கு 15 ரூபாய். அவர் என்னைக் கொடுக்க விடவில்லை.

பிற்பகல் நடுவட்டம். மலேரியா மருந்தான குயினைனுக்காக 1860களில் தென்னமெரிக்காவின் சின்கோனா மரங்களைக் கொண்டுவந்து நட்ட இடம். வேலைக்குச் சீனக் கைதிகளை அழைத்து வந்து அடைத்த சிறை இன்னும் நிற்கிறது. மருந்தைச் செயற்கையாகவே செய்யத் தெரிந்த பிறகு சின்கோனாவின் காலம் முடிந்தது. இன்று கண்ணுக்கெட்டியவரை தேயிலை. ஒரு தொழில் போன இடத்தில் இன்னொரு தொழில் உட்கார்ந்துவிட்டது. காற்று தாளைப் பிடுங்கியதால் அதிகம் வரைய முடியவில்லை.

அங்கிருந்து கூடலூர் இறங்கும் வழியில் பஸ் ஒரு கொண்டை ஊசி வளைவில் நின்றுவிட்டது. ஒன்றரை மணி நேரம். குழந்தையோடு வந்த ஒரு பெண்ணுக்கு நடத்துநர் தன் இருக்கையைக் கொடுத்துவிட்டு, பயணிகளின் பெட்டிகளை அடுத்து வந்த பஸ்ஸின் மேல் தானே ஏற்றினார். அவருடைய கையெல்லாம் கிரீஸ். யாரும் கோபித்துக்கொள்ளவில்லை. என் தண்ணீர்க் குடுவை மட்டும் அந்த மாற்றத்தில் காணாமல் போனது, தூரிகை கழுவ வைத்திருந்தது. கூடலூரில் 650 ரூபாய் அறை, பரோட்டா, ஆறிப்போன மீன்குழம்பு.

ஜனவரி 18, சனி. தேவாலா

பாழ்பட்டு 140 வருஷத்துக்கு மேலான தொழில்தலம் ஒன்று இந்த மாவட்டத்திலேயே இருக்கிறது. எதிர்காலத்தை வரையப் போகிறவனுக்கு அதைவிட வேறென்ன வேண்டும்? 1879 முதல் சில வருஷங்களுக்குத் தேவாலா, பந்தலூர் பக்கம் தங்கக் காய்ச்சல். பழங்குடிகளான பணியர்களும் குறும்பர்களும் அதற்கு முன்பே ஓடை மணலை அலசிப் பொன் எடுத்து வந்தார்கள். அதைக் கேள்விப்பட்டு இங்கிலாந்தில் டஜன்கணக்கில் கம்பெனிகள் தொடங்கப்பட்டன, பங்குகள் விற்றன. மலையில் சுரங்கம் வெட்டினார்கள், இயந்திரம் கொண்டுவந்தார்கள். பாறையில் இருந்த தங்கம் போட்ட காசுக்குக் கட்டவில்லை. சில வருஷங்களில் எல்லாம் கலைந்துவிட்டது.

ஷேர் ஜீப்பில் இறங்கியதும் ஒரு டீக்கடையில் கப்பையும் மீனும், 70 ரூபாய். இந்தப் பயணத்தின் இரண்டாவது நல்ல சாப்பாடு. கடையில் இருந்த ஒரு பெண், தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிப்பவர், "சுரங்கமா? எங்க லயத்துக்கு மேலதான் ஒண்ணு கெடக்கு. வாங்கண்ணா காட்டுறேன்" என்றார். லயம் என்பது தோட்டத் தொழிலாளர் குடியிருப்பு வரிசை. நடந்துகொண்டே தன் குடும்பக் கதையைச் சொன்னார். 1964இல் சாஸ்திரி, சிரிமாவோ ஒப்பந்தம் போட்ட பிறகு இலங்கையிலிருந்து வந்தவர்களில் அவருடைய தாத்தாவும் ஒருவர். அப்படி வந்தவர்களுக்காகத்தான் அரசு இங்கே தேயிலைத் தோட்டங்களைப் போட்டது.

"எங்க தாத்தா வந்தப்ப இது பூரா காடுன்னு சொல்வாரு. வெட்டி, மொட்டையாக்கி, தேயிலை வச்சாங்க. குழி தோண்டுறப்ப வெள்ளக்கல்லு வருமாம். அது தங்கம் உடைச்ச கல்லுன்னு பெரியவங்களுக்குத்தான் தெரியும்."

சுரங்கம் என்றது சரிவில் ஒரு ஓட்டை. ஆள் குனிந்து நுழையும் அளவு. வாயில் பெரணி, மேலே உண்ணிச்செடி, உள்ளிருந்து குளிர்ந்த காற்றும் வௌவால் நாற்றமும். நான் உள்ளே போகவில்லை, போகவும் கூடாது. இன்னமும் திருட்டுத்தனமாகத் தங்கம் தேடி இறங்கி மண் சரிந்து செத்தவர்கள் உண்டு. அந்த ஓட்டையைத் தவிர அத்தனை கம்பெனிகளின் அடையாளமாக என் கண்ணுக்கு எதுவும் படவில்லை. இரும்பு எங்கே? எடைக்குப் போயிருக்கும். மரச்சட்டம் மண்ணாகியிருக்கும். கருங்கல்லை யாரோ தங்கள் வீட்டு அஸ்திவாரத்துக்குக் கொண்டுபோயிருப்பார்கள்.

இதையும் படத்துக்காகக் குறித்துக்கொண்டேன். நூறு வருஷம் என்றால் ஆலையின் இயந்திரங்கள் கொடி சுற்றிய அலங்காரமாக நிற்காது. மனிதர்கள் இருக்கும் நாட்டில் இரும்பை முதலில் எடுத்துப் போவது மனிதர்கள்தான். மிஞ்சுவது யாருக்கும் உதவாதது: கான்கிரீட் மேடை, குழி, மண்ணுக்குள் இறங்கியது. கொடைக்கானலில் 2001இல் மூடிய வெப்பமானி ஆலையை நினைத்துக்கொண்டேன். அந்த வளாகத்தில் மரங்கள் பச்சையாகத்தான் நின்றன. பாதரசம் மண்ணில் இருந்தது. பச்சையைப் பார்த்து எல்லாம் ஆறிவிட்டது என்று நம்பிவிட முடியாது. என் படத்தில் ஆலையின் கழிவுநீர் இறங்கும் பக்கத்தில் நான் எதை வரைந்தாலும் இனி யோசித்துத்தான் வரைய வேண்டும்.

மூன்றரை மணிக்கே அந்தப் பெண் அவசரப்படுத்தினார். "கிளம்புங்கண்ணா, யானை எறங்குற நேரம்." காடு வெட்டிய இடத்தில் தோட்டம் வந்ததால் யானைகளுக்குப் போகும் பாதை இல்லை. தோட்டத்துக்குள்ளேயே நடக்கின்றன. ஜீப் புறப்பட்டுக் கொஞ்ச தூரத்தில் முன்னால் வண்டிகள் நின்றுவிட்டன. மேட்டில் மூன்று யானைகள், நடுவில் குட்டி. ஓட்டுநர் இஞ்சினை அணைத்துவிட்டுத் திரும்பி, "யாரும் போன் எடுக்காதீங்க, சத்தம் வேணாம்" என்றார். பதினொரு பேர் இருந்த ஜீப்பில் ஒரு மூச்சுச் சத்தம் இல்லை. முக்கால் மணி நேரம். கால் மரத்துப்போய், பக்கத்தில் இருந்த பாட்டி தன் கூடையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு எனக்குக் கால் நீட்ட இடம் கொடுத்தார். யானைகள் ரோட்டைக் கடந்தபின்தான் ஒரு குழந்தை முதலில் பேசியது, "குட்டி வாலைப் பிடிக்கலையே" என்று.

ஜனவரி 19, ஞாயிறு. திரும்பும் வழி

கூடலூரிலிருந்து ஊட்டி, ஊட்டியிலிருந்து கோவை. நாள் முழுக்க பஸ். பைக்காராவில் நின்ற நேரத்தில் ஒரு தோடர் அம்மாவிடம் சிவப்பும் கருப்புமாகப் பூவேலை செய்த சின்னத் துணிப்பை 350 ரூபாய்க்கு வாங்கினேன். அவர்கள் கோயில் வேயும் புல், ஈரம் நிற்கும் வெளிகளில்தான் வளரும். "இப்ப ரொம்பத் தூரம் போய்த்தான் அறுக்கணும்" என்றார். புல்வெளி என்பது பார்க்க அழகாக இருக்கும் வெற்றிடம் இல்லை என்று எனக்குச் சொல்லித்தர வேறு யாரும் வேண்டியதில்லை.

இந்து நகரைக் கடக்கும்போது வலதுபுற ஜன்னலில் இருந்தேன். அரை நிமிஷம்தான் தெரிந்தது. படம் முடிவாகிவிட்டது, எழுதி வைக்கிறேன்.

தாள் நாலடிக்கு மூன்றடி. நடுவில் கோட்டிங் ஹாலின் சுவர்கள், கூரை இல்லை. உள்ளே சோலை: நாவல், செண்பகம், பாசி தொங்கும் கிளைகள், எந்த மரமும் சுவரைவிட அதிகம் உயராது. காற்றும் பனியும் அந்த உயரத்தில் நறுக்கிவிடும். இயந்திரங்கள் கிடையாது, அவை நின்ற மேடைகள் மட்டும். மேடை மேல் நீலகிரிச் சிரிப்பான் பறவை ஒன்று. வெளியே புல்வெளி, காலை, உறைபனி. கேன்டீன் இருந்த இடத்தில் காட்டுப் பூவரசு, சிவப்பாக. மான் இல்லை. தாளின் வலதோரம் முழுக்கச் சீகை, அடர்ந்து. அதன் விளிம்பில் மூன்று பேர் குனிந்து கன்றுகளைப் பிடுங்கிக்கொண்டிருக்கிறார்கள். 2125இலும் அந்த வேலை முடிந்திருக்காது. தமிழ்நாடு அரசு 2022இல் அயல் தாவரங்களை அகற்றுவதற்கென்று கொள்கையே வகுத்திருக்கிறது, ஆனால் கொள்கைக்குக் கை கிடையாது. அந்தக் கைகளைத்தான் நான் வரைய வேண்டும். ஆளே இல்லாத பூமி எவ்வளவு அழகு என்று சொல்லும் படத்துக்கு இனி என்னிடம் தாள் இல்லை.

அவர்கள் மூவரும் ஏதோ பாடிக்கொண்டிருப்பதாக வாய்களைத் திறந்தபடி போடப் போகிறேன். பெரியவருக்குப் படத்தை எடுத்துப் போய்க் காட்டுவேன், அப்போது என்ன சொல்கிறார் என்று பார்க்க வேண்டும்.

சில விஷயங்கள் எனக்கு இன்னும் தேவைப்படுகின்றன. கோட்டிங் ஹாலின் உட்சுவருக்கு என்ன நிறம் அடித்திருந்தார்கள்? கருப்பா, கரும்பச்சையா? தரை சிமென்டா, டைல்ஸா? கேன்டீன் எந்தத் திசையைப் பார்த்து இருந்தது? அங்கே வேலை பார்த்தவர்களோ அவர்கள் பிள்ளைகளோ இதைப் படித்தால் எழுதுங்கள். பிப்ரவரி கடைசிக்குள் தெரிந்தால் போதும், அதுவரை புல்வெளிப் பக்கத்தைப் போட்டுக்கொண்டிருப்பேன்.